போர் முடிந்தபின் படை அதிகாரியின் கணக்கு எப்படித் தீர்க்கப்பட்டது? அமெரிக்கப் புரட்சிப் போரை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனை எதிர்த்து 13 அமெரிக்கக் குடியேற்றங்கள் நடத்திய புரட்சிப் போர் 1775-இல் தொடங்கி 1783-இல் முடிந்தது. போரிட்டது கான்டினென்டல் படை. அதை நடத்தியது கான்டினென்டல் காங்கிரஸ் என்ற பேரவை. சண்டை எட்டு ஆண்டுகள் நடந்ததென்றால், அதில் இருந்த அதிகாரிகளின் பணக் கணக்குகள் தீர அதைவிட அதிக காலம் பிடித்தது. சிலருடையது அவர்கள் வாழ்நாளில் தீரவே இல்லை. இந்தப் போரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒரே மாதிரியான ஐயங்கள் எழுவதைக் கண்டு, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சண்டை முடிந்தால் பாக்கிச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? இதில் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒவ்வோர் அதிகாரிக்கும் இரண்டு கணக்குகள் இருந்தன என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, நாடு அவருக்குத் தர வேண்டியது: சம்பளம், ரேஷன், உடை முதலியன. மற்றொன்று, அவர் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது: ஆள் சேர்க்க வாங்கிய முன்பணம், தன் கம்பெனி என்ற சிறு படைப்பிரிவின் வீரர்களுக்குக் கொடுப்பதற்காகப் பெற்ற சம்பளப் பணம், வழியில் மாட்டுத் தீவனமும் மாவும் வாங்கச் செலவிட்ட பொதுப்பணம். இரண்டாவது கணக்குக்குச் செலவுச் சீட்டு ஒவ்வொன்றும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சத்தைக் கண்டபிறகுதான் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்றே தெரியவரும்.

எண்ணிக் கொடுக்கப் பணம் இல்லை என்பதும் உண்மை. அப்போது காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்டுப் பெற வேண்டிய நிலை. 1783 ஜூனில் படையை விடுப்பில் அனுப்பத் தொடங்கியபோது, நிதிக் கண்காணிப்பாளர் ராபர்ட் மோரிஸ் தம் கையெழுத்திட்ட கடன்சீட்டுகளாக மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். மற்றதெல்லாம் பின்னால் தீர்க்கப்படும் என்ற வாக்குறுதிதான்.

ஒரு கேப்டனின் கணக்குத் தாளில் என்னென்ன வரிகள் இருக்கும்?

வரவுப் பக்கத்தில் முதல் வரி சம்பளம். 1778-ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி காலாட்படையில் கர்னலுக்கு மாதம் 75 டாலர், லெப்டினன்ட் கர்னலுக்கு 60, மேஜருக்கு 50, கேப்டனுக்கு 40, கடைநிலை அதிகாரியான என்சைனுக்கு 20. பதவி உயர்வு எந்த நாளிலிருந்து செல்லும் என்பதே சில சமயம் வழக்காகிவிடும்; ஆணை எழுதப்பட்ட தேதி வேறு, பதவி தொடங்கும் தேதி வேறு. அடுத்து, உரிமையான ரேஷனை எடுக்காமல் விட்ட நாள்களுக்கான தொகை, தரப்படாத உடைக்கான தொகை, காகிதப் பணத்தின் மதிப்பிழப்புக்கான ஈடு, போர் முடியும்வரை இருந்தவரானால் ஐந்தாண்டுச் சம்பளம் (இவ்விரண்டையும் கீழே விளக்கியிருக்கிறேன்).

பற்றுப் பக்கத்தில் அவர் அவ்வப்போது கையில் வாங்கிய பணம், படைக் கிடங்கிலிருந்து பெற்ற துணிமணி, ஆள்சேர்ப்பு முன்பணத்தில் கணக்குக் காட்டப்படாத பகுதி ஆகியவை வரும். ஆள் சேர்ப்பு வரிதான் மிகவும் தொல்லை தரும். ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு ஓடிப்போன வீரனுக்குக் கொடுத்த பணத்தைக் காட்ட வேண்டுமென்றால், அவன் சேர்ந்ததற்கும் ஓடியதற்கும் வருகைப் பட்டியலில் ஆதாரம் வேண்டும்.

இந்தக் கணக்கை யாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்?

1781 முதல் படையின் தலைமைச் சம்பள அதிகாரியாக இருந்த ஜான் பியர்ஸ் என்பவரிடம். 1783 ஜூலை 4 அன்று காங்கிரஸ், படையின் அதிகாரிகள், வீரர்கள் அனைவரின் கணக்குகளையும் இறுதியாகத் தீர்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ரெஜிமெண்ட் வாரியாக, அதாவது பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு வாரியாக, முகவர்கள் பட்டியல்களைக் கொண்டுவருவார்கள். பியர்சின் எழுத்தர்கள் அவற்றை வருகைப் பட்டியலோடும் சம்பளப் பட்டியலோடும் ஒப்பிட்டு மிச்சம் கண்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் சான்றிதழ் எழுதுவார்கள். இப்படி அவர் கையெழுத்தோடு 90,000-க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வெளிவந்தன. மொத்தத் தொகை ஏறத்தாழ 1.1 கோடி டாலர். 1788-இல் அவர் இறந்தார். போர்க்களத்தில் பெயர் வாங்கியவர்களைப் பற்றி எழுதும் நூல்களில் இவர் பெயர் ஓரத்தில்கூட வருவதில்லை. படை கலைந்தபின் அதன் ஒவ்வொரு மனிதனையும் பெயர் சொல்லித் தேடிக் கணக்கு முடித்தவர் இவர்தான்.

குவார்ட்டர்மாஸ்டர் (முகாம், போக்குவரத்து, தளவாடம்), உணவு வழங்கல், உடை, மருத்துவமனை ஆகிய துறைகளின் பொதுப்பணக் கணக்கு வேறு வழியில் சென்றது. அவற்றைத் தீர்க்க 1782-இலேயே தனி ஆணையர்களை நியமிக்க முடிவாகியிருந்தது. ஆகவே சில மாதங்கள் ரெஜிமெண்டிலும் சில மாதங்கள் துறையிலும் பணியாற்றிய ஓர் அதிகாரி இரண்டு அலுவலகங்களின் படியேற வேண்டியிருந்தது.

காகிதப் பணம் மதிப்பிழந்ததே, அதை எப்படிச் சரிசெய்தார்கள்?

காங்கிரஸ் அச்சிட்ட காகித டாலரின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. 1775-இல் வெள்ளி டாலருக்கு நிகராகத் தொடங்கியது. 1780 மார்ச் 18 அன்று 40 காகித டாலருக்கு 1 வெள்ளி டாலர் என்று காங்கிரசே ஒப்புக்கொண்டது. 1781-இல் அநேகமாகப் புழக்கத்தை விட்டே போயிற்று. இந்தக் காலம் முழுவதும் கேப்டனுக்கு மாதம் 40 டாலர் என்ற எண் மட்டும் மாறவில்லை.

1780 ஏப்ரல் 10 அன்று காங்கிரஸ், இந்த இழப்பை ஈடுசெய்வதாக முடிவெடுத்தது. அந்த வேலையை மாநிலங்கள் மேற்கொண்டன. முறை இதுதான். சம்பளம் தரப்பட்ட மாதத்தில் காகிதத்தின் மதிப்பு என்ன என்பதற்கு ஓர் அட்டவணை வகுக்கப்பட்டது. ஒரு மாதத்தில் விகிதம் 20-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் கேப்டன் வாங்கிய 40 காகித டாலரின் உண்மை மதிப்பு 2 டாலர். எனவே அவருக்கு உரியது 40, பெற்றது 2, பாக்கி 38 என்று எழுதப்படும். இப்படியே மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நியாயமான முறைதான். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. சம்பளம் பல மாதங்கள் தாமதமாக வந்தபோது, உரிய மாதத்து விகிதமா, கைக்கு வந்த மாதத்து விகிதமா என்ற கேள்வி பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. மேலும், ஈடாகத் தரப்பட்டதும் பணமன்று, மாநிலத்தின் சான்றிதழ். பென்சில்வேனியா தன் சான்றிதழ்களுக்கு மாற்றாக மேற்குப் பகுதியில் நிலம் ஒதுக்கி 1783-இல் சட்டம் இயற்றியது. மதிப்பிழப்பு நிலங்கள் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் நிலைத்தது.

பழைய கணக்குகளில் ஒரு டாலரை 90 பங்காகப் பிரித்து எழுதியிருக்கிறதே, நூறாக அல்லாமல் ஏன் 90?

அப்போது அமெரிக்க டாலர் என்று ஒரு நாணயம் கிடையாது. கைமாறியது ஸ்பானிய வெள்ளி டாலர். கணக்கோ பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் முறையில் எழுதப்பட்டது. அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் ஷில்லிங்கின் மதிப்பு மாறும். பென்சில்வேனியாவில் ஒரு டாலர் 7 ஷில்லிங் 6 பென்சுக்குச் சமம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால், அது சரியாக 90 பென்ஸ். காங்கிரசின் அலுவலகங்கள் பிலடெல்பியாவில் இருந்ததால் அந்த வழக்கே கணக்கேடுகளில் நின்றது.

நியூ இங்கிலாந்திலும் வர்ஜினியாவிலும் டாலருக்கு 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8 ஷில்லிங். பாஸ்டனில் தொடங்கி நியூயார்க் வழியாகப் பென்சில்வேனியா வரை படையோடு நடந்த அதிகாரியின் கையில் மூன்று வகை ஷில்லிங்கில் எழுதிய சீட்டுகள் இருக்கும். தணிக்கையாளர் அனைத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே கூட்டலைத் தொடங்க முடியும்.

வாழ்நாள் முழுவதும் பாதிச் சம்பளம் என்கிறார்கள், ஐந்தாண்டு முழுச் சம்பளம் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றாக மாறியது. 1778 மே 15 அன்று காங்கிரஸ், போர் முடியும்வரை இருக்கும் அதிகாரிகளுக்கு ஏழாண்டுகளுக்குப் பாதிச் சம்பளம் தருவதாகச் சொன்னது. 1780 அக்டோபர் 21 அன்று அதை வாழ்நாள் முழுவதற்குமாக நீட்டியது. பொதுமக்களிடையே இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. குறிப்பாக நியூ இங்கிலாந்து மக்கள் ஓய்வூதியம் வாங்கும் ஒரு தனிச் சாதியை உருவாக்குவதாகவே இதைக் கண்டார்கள். அதிகாரிகளே, இதற்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகை போதும் என்று 1782-இன் இறுதியில் விண்ணப்பித்தார்கள். நியூபர்க் முகாமில் அதிகாரிகளின் கசப்பு எல்லை மீறும் நிலைக்கு வந்து, 1783 மார்ச் 15 அன்று தலைமைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் பேசி அவர்களை அமைதிப்படுத்திய ஒரு வாரத்தில், மார்ச் 22 அன்று காங்கிரஸ் அதை ஐந்தாண்டு முழுச் சம்பளமாக மாற்றித் தர இசைந்தது. ரொக்கமாகவோ, 6 சதவீத வட்டி தரும் பத்திரமாகவோ கொடுக்கலாம் என்பது ஏற்பாடு.

கேப்டனுக்கு இது என்ன என்று பார்ப்போம். மாதம் 40 வீதம் 60 மாதங்களுக்கு 2,400 டாலர். ஆண்டு வட்டி 144 டாலர். பாதிச் சம்பளமாக நின்றிருந்தால் ஆண்டுக்கு 240 டாலர். அதாவது, பத்தாண்டுப் பாதிச் சம்பளத்துக்கு வாழ்நாள் உரிமையை விட்டுக்கொடுத்தார். முப்பது வயதில் படையைவிட்டு வந்து எழுபது வரை வாழ்ந்தவருக்கு இது பெரும் இழப்பு. அப்போது அவர்கள் ஏன் இசைந்தார்கள் என்றால், வாழ்நாள் வாக்குறுதி ஒருபோதும் நிறைவேறாது என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் தவறில்லை என்பதே என் எண்ணம்.

வாஷிங்டன் சம்பளமே வாங்கவில்லையாமே, பிறகு அவருக்கு எதற்குக் கணக்கு?

1775 ஜூனில் தலைமைத் தளபதி பதவியை ஏற்றபோது, காங்கிரஸ் நிர்ணயித்த மாதம் 500 டாலரை மறுத்து, செலவுகளைச் சரியாகக் குறித்து வைப்பதாகவும் அவற்றை மட்டும் தந்தால் போதும் என்றும் அவர் சொன்னார். சம்பளம் வாங்காதவருக்கு முதல் வகைக் கணக்கு இல்லாமற்போனாலும், இரண்டாம் வகை முழுக்க இருந்தது. எட்டு ஆண்டுச் செலவையும் தம் கையாலேயே எழுதி, 1783 டிசம்பரில், அன்னாபொலிசில் பதவி துறக்கச் செல்லும் வழியில், பிலடெல்பியாவில் கருவூலத்திடம் ஒப்படைத்தார். தலைமைக் கணக்கு அதிகாரி ஜேம்ஸ் மில்லிகன் அதைத் தணிக்கை செய்தார். மொத்தம் 64,000 டாலருக்குச் சற்று மேல். தணிக்கையில் கண்ட பிழை ஒரே ஒரு டாலரில் 90-இல் 89 பங்கு. அதுவும் வாஷிங்டனுக்குச் சேர வேண்டியது. 90 பங்கு என்ன என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஏட்டில் ஒரு வரி என்னை எப்போதும் நிறுத்திவிடும். குளிர்கால முகாம்களுக்கு மனைவி மார்த்தா வந்துபோன பயணச் செலவு, 1,064 பவுண்டு 1 ஷில்லிங். இது தனிச் செலவாயிற்றே, பொதுப்பணத்தில் எழுதலாமா என்று தாமே தயங்கியதாகவும், போர் நிலைமையால் தாம் ஒவ்வோர் ஆண்டும் வீட்டுக்குப் போக எண்ணியதைத் தள்ளிப்போட்டதற்கு ஈடாக இதை ஏற்கத் தகும் என்று முடிவுசெய்ததாகவும் அங்கேயே விளக்கம் எழுதியிருக்கிறார். ஐயத்துக்கு இடமுள்ள செலவை மற்றொரு தலைப்பில் மறைக்காமல், காரணத்தோடு வெளிப்படையாக எழுதித் தணிக்கையாளரின் தீர்ப்புக்கு விட்டது நல்ல கணக்குக்கு அடையாளம். சம்பளத்தை மறுத்ததைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கு இந்த வரி அதைவிட மதிப்புடையதாகப் படுகிறது. பரபரப்பில் எழுத மறந்த செலவுகளால் தமக்கு நட்டமே என்றும் அவர் குறித்திருக்கிறார்.

உளவாளிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது எப்படிக் காட்டுவது?

காட்ட முடியாது, காட்டவும் கூடாது. 1775 ஜூலையில் பாஸ்டன் நகருக்குள் சென்று இரகசியத் தகவல் தொடர்பை ஏற்படுத்த ஒருவருக்கு 333⅓ டாலர் கொடுத்ததாக வாஷிங்டனின் ஏட்டில் வரி இருக்கிறது. பெயர் இல்லை. தொகை, தேதி, நோக்கம் மூன்றையும் எழுதி, பெயரை மட்டும் விட்டிருக்கிறார். தலைமைத் தளபதியின் சொல்லே இங்கே சீட்டாக ஏற்கப்பட்டது. ஒரு கேப்டன் இதே போல எழுதியிருந்தால், அவருக்கு ஆணையிட்ட மேலதிகாரியின் கையெழுத்து இல்லாமல் அது நின்றிருக்காது.

ரசீதுகள் தொலைந்துபோனால் அதிகாரியின் கதி என்ன?

மிகவும் கடினம். உடனிருந்தவர்களின் உறுதிமொழி, மேலதிகாரியின் சான்று, ரெஜிமெண்ட் ஏடு இவற்றைக் கொண்டு ஓரளவு நிரூபிக்கலாம். முழுத் தொகையும் ஏற்கப்படுவது அரிது.

பின்னாளில் பிரிட்டிஷார் பக்கம் சாய்ந்த அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் கணக்கு இதற்கு அறியப்பட்ட சான்று. 1775-76 கனடாப் படையெடுப்பில் பொதுப்பணமும் தம் பணமும் கலந்து செலவிட்டவர். 1776 அக்டோபரில் வால்கூர் தீவருகே நடந்த ஏரிப் போரில் 'ராயல் சாவேஜ்' கப்பல் எரிந்தபோது அவருடைய தாள்களும் போயின. நாடு தமக்குப் பெருந்தொகை தர வேண்டும் என்பது அவர் வாதம். 1780-இல் கருவூலத் தரப்பு கண்ட முடிவோ, அவர்தான் நாட்டுக்குப் பாக்கி என்பது. இந்தக் கணக்குத் தகராறுதான் அவரைத் துரோகியாக்கியது என்று சிலர் சொல்வதுண்டு. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை: 1779 மே மாதத்திலேயே அவர் பிரிட்டிஷாருடன் தொடர்பு கொண்டுவிட்டார்.

ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கின் கதை இதற்கு நேர்மாறானது, நெஞ்சை உறுத்துவதும்கூட. 1778-79-இல் வர்ஜினியாவுக்காக இல்லினாய்ப் பகுதியைக் கைப்பற்றிய இவர், மாவுக்கும் மருந்துக்கும் துணிக்கும் தம் பெயரிலேயே கையெழுத்திட்டார். சீட்டுகளை ஒழுங்காகச் சேர்த்து ரிச்மண்டுக்கு அனுப்பியும் வைத்தார். அவை கிடைக்கவில்லை என்று மாநிலம் கைவிரித்தது. கடன் கொடுத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிலங்கள் கைவிட்டுப் போயின. 1818-இல் வறுமையில் இறந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே சீட்டுகள் ஆயிரக்கணக்கில், கட்டுக்கட்டாக, ரிச்மண்டில் மாநில அரசின் பழைய தாள்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்டன. அவர் தம் கடமையைச் செய்திருந்தார். தொலைத்தது வாங்கி வைத்தவர்கள்.

பிற்காலத்தில் வாரிசுகளுக்கு மற்றோர் இடி விழுந்தது. 1800 நவம்பர் 8 அன்று போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்ததில் புரட்சிப் போர்ப் பதிவுகள் பெரும்பகுதி எரிந்தன. அதன்பின் கோரிக்கை வைத்தவர்கள் தம்மிடமிருந்த பதவி ஆணையையும் சான்றிதழையும் நம்பியே நிற்க வேண்டியிருந்தது.

படை பட்டினி கிடக்கிறது. அதிகாரி சொந்தப் பொறுப்பில் கடனுக்கு உத்தரவாதம் தருகிறார். அது அரசுக் கடனா, அவர் கடனா?

கையெழுத்திட்டவர் கடன். சட்டம் அப்படித்தான் பார்த்தது. பொதுநலனுக்காகத் தந்தார் என்பதை அரசு பின்னர் ஒப்புக்கொண்டால் ஈடு கிடைக்கும். ஒப்புக்கொள்ளும்வரை கடன்காரர் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

தெற்கில் படையை நடத்திய ஜெனரல் நத்தானியல் கிரீனுக்கு இதுதான் நேர்ந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் அவருடைய வீரர்களுக்கு உடையும் உணவும் இல்லை. ஜான் பேங்க்ஸ் என்ற வணிகர் வழங்க முன்வந்தார். ஆனால் அவருக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் உத்தரவாதம் கேட்டார்கள். கிரீன் கையெழுத்திட்டார். பேங்க்ஸ் பணத்தை வேறு வணிகங்களில் போட்டுவிட்டு, கடனை அடைக்காமலேயே 1784-இல் இறந்தார். கிரீன் அந்த வணிகத்தில் கூட்டாளி என்ற பேச்சும் எழுந்தது. இல்லை என்று உறுதிமொழிப் பத்திரங்கள் வாங்கி வைத்தார். 1786 ஜூன் 19 அன்று ஜார்ஜியாவில், கடன் தீராமலேயே, 43 வயதில் இறந்தார்.

அவருடைய மனைவி கேத்தரின் கிரீன் அந்தத் தாள்களை விடாமல் சேர்த்து வைத்துக் காங்கிரசிடம் விண்ணப்பித்தார். கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கோரிக்கையை ஆராய்ந்து சாதகமாக அறிக்கை தந்தார். 1792 ஏப்ரல் 27 அன்று ஈட்டுச் சட்டம் நிறைவேறியது. தொகை ஏறத்தாழ 47,000 டாலர். கணவரின் நேர்மையைப் புகழும் சொற்கள் அந்த விண்ணப்பத்துக்கு உதவியிருக்கலாம். அதை வெல்ல வைத்தவை அவர் காத்து வைத்திருந்த கடிதங்களும் உறுதிமொழிகளும்தான்.

போரில் இறந்துபோன அதிகாரியின் கணக்கை யார் முடிப்பார்கள்?

வாரிசோ, நீதிமன்றம் நியமித்த சொத்து நிர்வாகியோ. இறந்த நாள் வரையிலான சம்பளமும் மதிப்பிழப்பு ஈடும் அவர்களிடம் சேரும். இறந்தவர் கையிலிருந்த பொதுப்பணத்துக்கும் அவர்களே பதில் சொல்ல வேண்டும். இது தவிர, 1780 ஆகஸ்ட் 24 தீர்மானத்தின்படி விதவைக்கு ஏழாண்டுகள் பாதிச் சம்பளம் உண்டு. அவர் இறந்தாலோ மறுமணம் செய்தாலோ அது பிள்ளைகளுக்குப் போகும். ஐந்தாண்டுச் சம்பளம் மட்டும் இறுதிவரை இருந்தவர்களுக்கு உரியது.

எதிரியிடம் கைதியாக இருந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. கைதியாக இருந்தாலும் அவர் பதவியில்தான் இருக்கிறார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது: தப்பிப் போகமாட்டோம் என்ற வாக்குறுதியின் பேரில் சிறைக்கு வெளியே வசிக்க விடப்பட்ட அதிகாரிகள், உதாரணமாக நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், அங்கிருந்த குடும்பங்களின் வீடுகளில் தங்கிச் சாப்பிட்ட கடன். பல மாதங்களுக்கு அது சேர்ந்து நின்றது. வீட்டுக்காரரின் பட்டியல் கைதிகள் துறை வழியாக வந்து, அதிகாரியின் கணக்கிலும் அவர் கையில் கொடுத்ததாக ஒரு வரி இருந்தால், எது உண்மை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே காலம் போகும்.

நிலம் கொடுத்தார்களே, அது சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டதா?

இல்லை. அது 1776 செப்டம்பர் 16 தீர்மானப்படி தனி உரிமை: கர்னலுக்கு 500 ஏக்கர், கேப்டனுக்கு 300, சாதாரண வீரனுக்கு 100. பென்சில்வேனியா மதிப்பிழப்பு நிலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பாக்கிக்கு ஈடு, இது சேவைக்குப் பரிசு.

கணக்குத் தீர்ந்தது என்றால் கையில் பணம் வந்துவிட்டது என்றுதானே பொருள்?

அல்ல. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். பியர்ஸ் கொடுத்தது இறுதித் தீர்வுச் சான்றிதழ். இன்னாருக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்ற ஒப்புதல். அதைக் காசாக்கக் காங்கிரசிடம் வருவாய் இல்லை. ஊருக்குத் திரும்பிய அதிகாரிக்கு வரி கட்ட வேண்டும், கடைக் கடன் அடைக்க வேண்டும். சந்தையில் அந்தத் தாள் முகமதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் அதற்குக் கீழும் விலைபோனது. 2,400 டாலர் தாளை 300 டாலருக்கு விற்ற கேப்டனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அன்றைக்கு அவருக்கு வேறு வழி இல்லை.

1790 ஆகஸ்ட் 4 சட்டம் பழைய சான்றிதழ்களைப் புதிய கடன்பத்திரங்களாக மாற்றிக்கொள்ளச் சொன்னது. அசலில் மூன்றில் இரண்டு பங்குக்கு உடனே 6 சதவீதம், மீதி ஒரு பங்குக்கு 1801-இலிருந்து 6 சதவீதம், நிலுவை வட்டிக்கு 3 சதவீதம். நம் கேப்டன் தாளை விற்காமலும் வட்டி எதுவும் வாங்காமலும் இருந்தார் என்று கொண்டால், 1,600 டாலருக்கு ஆண்டுக்கு 96, ஏறத்தாழ ஏழாண்டு நிலுவை வட்டியான 1,000 டாலருக்கு 30. ஆக 126 டாலர். 1783-இல் சொன்ன 144-ஐவிடக் குறைவு என்றாலும், இம்முறை பணம் உண்மையிலேயே வந்தது.

விற்றுவிட்ட அதிகாரிகளுக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் 1790 பிப்ரவரியில் வாதாடினார். கைமாறிய தாள்களில் உண்மையான முதல் உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, வாங்கியவரின் உரிமையைப் பறித்தால் நாட்டின் பத்திரத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்பது எதிர்வாதம். 36-க்கு 13 என்ற வாக்கில் மேடிசன் தோற்றார். எதிர்வாதத்தின் நடைமுறை வலிமையை ஏற்கிறேன். என்றாலும் பியர்சின் பதிவேடுகளில் முதல் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருந்தன என்பதை மறக்க முடியவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து போரிட்ட அதிகாரிகளுக்கும் இதே முறைதானா?

சான்றிதழ் தருவது வரை அதே முறை. தாய்நாடு திரும்பியவர்கள் அமெரிக்கச் சந்தையில் தாளை விற்க முடியாதென்பதால், அவர்களுடைய வட்டியைப் பாரிசில் செலுத்த 1784-இல் ஏற்பாடு செய்தார்கள். வாய்மொழி உறுதியை நம்பியவர்களின் நிலைதான் சிக்கலானது. படைக்குப் பயிற்சி அளித்த பிரஷ்ய அதிகாரி ஸ்டூபன், தமக்குத் தனி ஒப்பந்தம் இருந்ததாக ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1790 ஜூனில் காங்கிரஸ் அவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வாழ்நாள் தொகை அளித்து அந்த விவகாரத்தை முடித்தது.

காலக்கெடு ஏதும் இருந்ததா, எப்போது வேண்டுமானாலும் போய்க் கேட்கலாமா?

இருந்தது. 1785 நவம்பர் 2 அன்று காங்கிரஸ், படைச் சேவை தொடர்பான கோரிக்கைகளை 1786 ஆகஸ்ட் 1-க்குள் தாக்கல் செய்யாதவர்களின் உரிமை தள்ளுபடியாகும் என்று முடிவெடுத்தது. எல்லையோரத்தில் குடியேறியவர்களுக்கும், வாரிசுச் சான்றே இன்னும் பெறாத விதவைகளுக்கும் இந்தச் செய்தி போய்ச்சேர்வதற்குள் நாள் கடந்திருக்கும். 1792-இல் ஒரு சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு இந்தத் தடையை விலக்கியது. அதன்பின் பெரும்பாலான கோரிக்கைகள், உண்மை என்று ஒப்புக்கொள்ளப்பட்டும், காலம் கடந்தவை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டன.

தணிக்கை முடிவில் அதிகாரிதான் பாக்கி என்று வந்தால்?

அரசு கடன் கொடுத்தவர் நிலையில் நிற்கும், வழக்குத் தொடுக்கலாம். 1797 மார்ச் 3 சட்டம் இதை இறுக்கியது: பொதுப்பணம் பெற்றவர் மீது வழக்கு வந்தால், கருவூலத்திடம் முன்பே காட்டி மறுக்கப்பட்ட செலவை மட்டுமே அவர் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கலாம். அதாவது, சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வழக்கு வந்தபின் காட்டுவது பயன்படாது. உரிய காரணம் இருந்தாலன்றி, முதலில் அலுவலகத்தில் காட்டி, மறுப்பைப் பெற்று, அதன்பின்தான் நீதிமன்றம்.

பாதிச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, சான்றிதழையும் விற்றவருக்குப் பிற்பாடு எதுவுமே கிடைக்கவில்லையா?

நீண்ட காலம் வாழ்ந்தவருக்குக் கிடைத்தது. 1828 மே 15 சட்டம், 1780-ஆம் ஆண்டின் வாழ்நாள் வாக்குறுதிக்கு உரியவராக இருந்து அப்போதும் உயிரோடிருந்த அதிகாரிகளுக்கு, 1826 மார்ச் 3 முதல் முழுச் சம்பளம் வழங்கியது; கர்னலானாலும் கேப்டனின் சம்பளத்துக்கு மேல் கிடையாது. கலைந்து 45 ஆண்டுகளான ஒரு படையில் உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் சிலரே.

கான்டினென்டல் படையில் அல்லாமல் மாநிலப் படையில் இருந்தவர்?

அவர் கணக்கு அந்த மாநிலத்தோடுதான். பியர்சின் சான்றிதழும் 1828 சட்டமும் அவருக்குப் பொருந்தா. வர்ஜினியா தன் மாநிலப் படை அதிகாரிகளுக்கும் வாழ்நாள் பாதிச் சம்பளம் வாக்களித்திருந்தது. மேலே சொன்ன கிளார்க்கின் ரெஜிமெண்ட்டும் இதில் அடங்கும். வாரிசுகள் வர்ஜினியா நீதிமன்றங்களில் வழக்காடித் தீர்ப்புப் பெற்றபோது, போர் பொதுவானது, சுமை மட்டும் எங்களுடையதா என்று மாநிலம் கேட்டது. 1832 ஜூலை 5 அன்று மத்திய அரசு அந்தப் பாதிச் சம்பளக் கோரிக்கைகளைத் தானே ஏற்கச் சட்டம் செய்தது. ஆகவே மாநிலப் படை அதிகாரி ஒருவரின் தாள்களைத் தேடுகிறவர், மாநில ஆவணக் காப்பகத்தோடு நிறுத்தாமல், 1832-க்குப் பிந்தைய கருவூலப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.